ஒன்பதாம் பக்கம்

வாழவந்தி அமலி வருஷம் பூராவும் புத்தகங்களைக் குறி வைப்பாள். படிப்பது மட்டும் காப்பி காயும் இரண்டு மாதத்தில்தான். மற்ற மாதங்களில் எஸ்டேட்டில் களையெடுப்பு, கவாத்து, பழம் பறிப்பு என்று எல்லாமே நின்றுகொண்டு செய்கிற வேலை. டிசம்பர் கடைசியில் தோலுரித்த காப்பிக் கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டால் அதற்கு ஒரு காவல் வேண்டும். அரை மணிக்கொரு தரம் மரப்பலகையால் கிளறிவிட வேண்டும். குரங்கு வந்தால் விரட்ட வேண்டும். பள்ளத்திலிருந்து மேகம் ஏறினால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். நடுவில் உட்காரலாம். அந்த எஸ்டேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை மொத்தமே இரண்டுதான். ஒன்று களம், இன்னொன்று கேட்.

களம் பதினொரு வருஷமாக அமலியிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஏற்காட்டு நூலகத்துக்குப் போவாள். பிடித்த புத்தகம் கண்ணில் பட்டால் உடனே எடுக்க மாட்டாள். வேறு யாரும் கொண்டுபோய்விடாதபடி சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் வெளியே வருவாள். சட்டப் புத்தகத்தை இந்த மலையில் யார் தொடப் போகிறார்கள்! இது நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் இதுவரை சொன்னதில்லை.

ஒரு கிளறலுக்கும் அடுத்த கிளறலுக்கும் நடுவே பன்னிரண்டு பக்கம் ஓடும். பனியில் தாள் நமத்துப் போகாமலிருக்க உர மூட்டையின் உள்பிளாஸ்டிக்கை வெட்டி அட்டை போட்டுவிடுவாள். அடையாளத்துக்கு ஒரு சில்வர் ஓக் இலை. மொழிபெயர்ப்பு நாவல்களில் வாயில் நுழையாத பெயர்கள் வந்தால் எஸ்டேட் ஆட்களின் பெயரை வைத்துக்கொள்வாள். போன வருஷம் படித்த பனி நாட்டுக் கதையில் தளபதியின் மகளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஓடிப்போனவன் அவள் கணக்குக்கு, எஸ்டேட்டின் கணக்கும் வேலையும் பார்க்கிற ரைட்டர் ஜீவானந்தம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதம் சிரிப்பை அடக்கினாள்.

படித்து முடித்ததை கேட் வாட்ச்மேன் லூர்துராஜிடம் கொடுப்பாள். அவர் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். போன சீசனில் ஒரு திருடன் கதைக்குக் கடைசிப் பதினாறு பக்கம் கிழிந்து போயிருந்தது. திருடன் செத்துவிட்டான் என்று அவரும், தப்பித்துவிட்டான் என்று இவளும் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமலே இருந்தார்கள்.

போன மார்ச்சில் அவள் புருஷன் மனுவேல் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமலி புரட்டினாள். ஒன்பது மாதம் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை. யாரும் ‘தூங்கினாயா’ என்று கேட்கவுமில்லை. களம் வரட்டும், களம் வரட்டும் என்று அதையே சொல்லிச் சொல்லி நாட்களைத் தள்ளினாள்.

களம் வந்தது. எட்டு மாதமாக ஒளித்து வைத்திருந்த ஒரு தடித்த நாவலை எடுத்து வந்தாள். ஐம்பது வயதுக்காரன் ஒருவன் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். கையில் தன்னுடையதல்லாத ஒரு தகரப்பெட்டி. சாவி இருக்கிறது, திறக்கவில்லை. ஒன்பதாம் பக்கம் வரும்போது அவள் கண் சொருகிவிடும். திடுக்கிட்டு எழுந்து கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி ஒன்பதாம் பக்கம். இரண்டு வாரம் இதே கதை. மூக்குப்பொடி போட்டுப் பார்த்தாள், நின்றுகொண்டு படித்துப் பார்த்தாள். உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார இடம் கிடைத்தால் தூங்குவேன் என்று அது தன்பாட்டுக்கு முடிவு பண்ணிவிட்டது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. எதற்காக வருஷம் பூராவும் காத்துக் கிடந்தாளோ அது மடியிலேயே இருந்தது, படிக்க முடியவில்லை.

“பொட்டிக்குள்ள என்னம்மா இருந்துச்சு?” என்று டீ நேரத்தில் லூர்துராஜ் கேட்பார். கதையின் ஆரம்பத்தை அவரிடம் சொல்லியிருந்தாள்.

“இன்னும் தொறக்கலீங்கண்ணா.”

பொங்கலுக்கு முந்தின வாரம், முகத்தில் சொட்டு விழுந்துதான் விழித்தாள். பள்ளம் தெரியவில்லை, மேகம் களத்தின் மேலேயே வந்து நின்றிருந்தது. ஓடினாள். ஒரு பக்கத்தை மூடுவதற்குள் மறுபக்கம் மழை கொட்டிவிட்டது. நாலு நாள் காய்ந்த கொட்டை ஊறிப் போனது. ஸ்டோரிலிருந்து ஓடி வந்த ஜீவானந்தம் நனைந்த கொட்டையைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலின் மேல் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க அமலிக்கா, படிச்சிட்டு இருந்தீங்களா, இல்ல தூங்கீட்டீங்களா?”

களத்தில் தூங்கியவளுக்குக் களம் கிடையாது. அமலிக்கு முன்னால் களம் பார்த்த தெரசம்மாளை அப்படித்தான் பறிப்புக்கு அனுப்பினார்கள். வயசாகிவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

“படிச்சிட்டு இருந்தேனுங்க” என்றாள் அமலி.

“உங்க மேல நொம்ப நம்பிக்கை வச்சிருந்தேனுங்க.” அவர் கத்தவில்லை. புத்தகத்தை எடுத்துத் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

களம் தப்பித்தது என்ற நினைப்பில் அன்று வீட்டுக்குப் போனாள். வழக்கம்போல் இரண்டு மணிக்கொரு தரம் புருஷனைப் புரட்டினாள்.

காலையில் கேட்டில் லூர்துராஜ் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கைகளைப் புத்தகமில்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

“இனிமே வேலை நேரத்துல யாரும் எதும் படிக்கக் கூடாதாம். களம், கேட், எல்லாத்துக்கும் ஒரே ஆர்டர்” என்றார். “எங்கிட்ட இருந்ததையும் ரைட்டர் வாங்கிட்டுப் போயிட்டாருங்க.”

“என்னாலதானே அண்ணா.”

“அட, அதை உடும்மா. மழை பேயறதுகூடத் தெரியாமப் படிச்சிருக்கீன்னா எப்பேர்ப்பட்ட பொஸ்தகமா இருக்கணும்! எனக்கு அப்பிடி ஒண்ணு வாச்சதே இல்ல.” நிஜமாகவே சந்தோஷப்பட்டார் அந்த மனுஷன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சொல்லு. பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?”

அவர் திட்டியிருந்தால் அமலி தாங்கியிருப்பாள். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். நகை என்றோ பிணம் என்றோ சொன்னால் நம்பியிருப்பார். படித்த விஷயத்தில் அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. திருடன் செத்தானா பிழைத்தானா என்பதற்கே ஒரு வாரம் சண்டை போட்டவர்கள் அவர்கள்.

“வந்து சொல்றேனுங்க” என்று நேரே ஆபீசுக்கு நடந்தாள். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்திலும் நினைத்தாள்.

ஜீவானந்தம் மேஜையில் அந்த நாவல் இருந்தது. சில்வர் ஓக் இலை ஒன்பதாம் பக்கத்தில் இருந்தபடியே இருந்தது.

“ரைட்டருங்க, நேத்து நான் படிக்கலீங்க. தூங்கிட்டேன். பொஸ்தகத்து மேல பழி போட்டுட்டேனுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமுங்களே” என்றார். “இனி உங்கள எப்பிடிக் களத்துல வச்சுக்கறது?”

“வேண்டாமுங்க. பறிப்புக்குப் போறேன். கேட்டுக்காரருக்கு அவரு பொஸ்தகத்தக் குடுத்துருங்க. அவரு தூங்கறதில்லீங்க.”

அவர் இரண்டு புத்தகத்தையும் அவள் கையிலேயே கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அமலிக்கு அழுகை வந்தது. களம் போனதற்கு ஒரு பங்கு, மீதியெல்லாம் அசதி.

மறுநாளிலிருந்து கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றாள். கடைசிச் சுற்றுப் பழம், கிளைக்கு நாலு, ஐந்துதான் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கி கேட் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். நடந்ததெல்லாம் லூர்துராஜுக்குத் தெரியும். முதல் நாள் அவள் டிபன் பாக்ஸை மூடியதும் அவர் தடித்த நாவலைத் தானே எடுத்து, ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகச் சத்தமாகப் படித்தார். அமலி சுவரில் சாய்ந்து கேட்டாள். ஒரு பக்கம் கேட்பாள், சில நாள் ஒன்றரைப் பக்கம். அதற்குள் தலை சாய்ந்துவிடும். எஸ்டேட் மேற்பார்வையாளரான கண்டக்டர் வேலை மணி அடிக்கும்போது லூர்துராஜ் எழுப்பிவிடுவார்.

“எங்க உட்டோம்?” என்று அடுத்த நாள் கேட்பாள்.

“இங்க தூங்கின” என்று அந்த வரியைக் காட்டுவார். இலை சரியாக அங்கேதான் இருக்கும்.

பிப்ரவரி கடைசியில் நாற்பத்தி இரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த மனிதன் விடுதி அறையின் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைக் கட்டிலில் வைத்து, சாவியைப் போட்டுத் திருகினான். அமலி கையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரி மனுவேலுக்குக் காய்ச்சல். மூடி சத்தம் போட்டுக்கொண்டு எழும்பியது என்ற வரியில் அவள் தலை தொய்ந்து லூர்துராஜின் தோளில் விழுந்தது.

அந்தப் பக்கம் அந்த வரியோடு முடிந்தது. திருப்பினால் பெட்டிக்குள் இருப்பது தெரிந்துவிடும். மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. லூர்துராஜ் தாளின் நுனியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோளை அசைக்காமல், ஒற்றைக் கையால் இலையை எடுத்து அங்கேயே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டார். அவரும் பார்க்கவில்லை.