நர்மதாவுக்கு மூக்கு அரிச்ச நாள்

வேலுத்தாய் யாரையும் லேசுல நம்ப மாட்டா. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துல காய் எடுக்கவ. எடை போடும்போது முள்ளைப் பாக்க மாட்டா, எடை போடுதவன் விரலைப் பாப்பா. அப்பேர்ப்பட்டவ, தம்பி பொண்டாட்டி நர்மதா பிரசவத்துக்கு ஆசுபத்திரியில கூட நிக்கப் போனா எப்படி இருக்கும்?

வயித்தைக் கிழிச்சுப் பிள்ளைய எடுத்திருக்கு. நர்மதாகிட்ட வலின்னு ஒரு முனகல் இல்ல. மூக்கைச் சொறியுதா, கன்னத்தைச் சொறியுதா. சிரிக்க வேற செய்யுதா.

வேலுத்தாய் முடிவே கட்டிட்டா. ஆத்தா எறங்கிட்டா! அம்மைன்னு வாயால சொல்லப்படாதுல்ல. பிள்ளைய வாரிக்கிட்டு வராந்தாவுக்குப் போயி தம்பி ஈஸ்வரனுக்குப் போனைப் போட்டா. "எலேய், இந்தக் குளிருல வேம்பு எங்க மொளைக்கும்? போடிக்கு எறங்கி ஒரு கொத்து ஒடிச்சுட்டு வா. என்ன ஏதுன்னு கேக்காத."

உள்ள இருந்து நர்மதா கத்துதா. "மதினி, பிள்ளை பசிக்கு அழுவுதான். தாங்க, பால் குடுக்கணும்."

"தர மாட்டேன். மொதல்ல நீ சொறியுறத நிறுத்து."

நர்ஸ் கத்தரீனாள் ஓடி வந்தா. "அக்கா, முதுகுல போட்ட மரத்துப்போற ஊசியோட, வலி தெரியாம இருக்க இன்னொரு மருந்தும் துளி சேத்திருக்கு. அதான் அரிக்குது, நாளைக்குள்ள போயிரும். தாங்கலைன்னா சொல்லட்டும், அதுக்கும் மருந்து இருக்கு. பால் குடுக்கலாம்."

"சேத்தீயளா? யாரைக் கேட்டுச் சேத்தீய? எம்புருசனும் தோட்டத்துல மருந்தடிக்கப் போனவந்தான். ஒரே மருந்துதான்னானுவ. டிரம்முல ரெண்டைக் கலந்து வச்சிருந்தானுவ. சாஞ்சவன் எந்திரிக்கல."

நர்மதாதான் பேசுனா.

"எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போட்டாவ மதினி. அரிக்கும்னும் சொன்னாவ. உங்ககிட்ட சொன்னா விட்டிருப்பீயளா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

பிள்ளை வீல்லுன்னு கத்துச்சு. வேலுத்தாய் கட்டில்கிட்ட வந்தா. நர்மதா கழுத்துல புறங்கைய வச்சுப் பாத்தா, சூடு இல்ல. கை, நெஞ்செல்லாம் தடவுனா, ஒரு முத்து இல்ல. "ம்"னா. நம்பிட்டான்னு சொல்ல முடியாது.

பிள்ளைய மார்புல போட்டா. அவன் கவ்வுனதும் நர்மதா கை மறுபடி மூக்குக்குப் போச்சு.

"கைய எடுட்டி! ரெண்டு கையாலயும் பிள்ளையப் பிடி. மூக்கை நான் சொறியுதேன்."

சொறிஞ்சா. ஊடால ஊடால கழுத்துல புறங்கைய வச்சும் பாத்துக்கிட்டா.