முழு முகம்

சேரன்மகாதேவியில் அவன் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. எங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்று எங்கள் கட்சியில் வாக்காளர் பட்டியலை என் கையில் கொடுத்திருந்தார்கள். என்னோடு பன்னிரண்டாவது வரை படித்த அவனுக்குப் பட்டியலே வேண்டாம். எந்தத் தெருவில் எந்த ஓட்டு திருப்பூருக்குப் போயிருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வான், எங்கள் ஓட்டையும் சேர்த்து.

ஒரே ஒரு பலவீனம். எந்தத் தலைவர் வந்தாலும், படம் எடுக்கிற நேரத்தில் எங்கிருந்தோ தலையை நீட்டிவிடுவான். மாலைக்குப் பின்னால் பாதி மூக்கு, வேன் கதவோரம் ஒரு காது.

"ஒன் முழு மூஞ்சிய ஒங்க கட்சியே பாத்திருக்காதுலே" என்பேன்.

"ஜெயிச்ச பெறவு தேடி வந்து பாப்பாங்க, இரு வே" என்பான்.

ஓட்டுப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில், வீடு வீடாகப் பூத் சிலிப் கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பியவன் லாரி மோதி இறந்துபோனான். இருபத்து நான்கு வயது.

அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். அவன் கட்சிச் செயலாளர் அண்ணாச்சியின் போனைத் துழாவினோம். ஒன்றிலும் அவன் முழுதாக இல்லை. ஆதார் படத்தை அவன் அம்மா, இது யாரோ என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் என் போனில்தான் கிடைத்தது. பிரச்சாரத்தில் இரண்டு ஊர்வலமும் டீக்கடை முன்னால் முட்டிக்கொண்டபோது, ஒரு பஜ்ஜியை ஆளுக்குப் பாதியாகத் தின்ற படம். அவன் தோளில் என் கை. என் கட்சித் துண்டின் நுனி அவன் தாடையை உரசிக் கிடந்தது. வெட்டினால் தாடையும் போய்விடும்.

"எதிர்க்கட்சித் துண்டோட எங்க பையனுக்குப் போஸ்டரா?" என்றார் அண்ணாச்சி.

அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள்.

"சிரிக்கான். இதுதான் எம்மவன். துண்டு எதுவா இருந்தா என்னய்யா?"

அண்ணாச்சி என்னைப் போனோடு அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அச்சகத்துக்காரர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். துண்டின் கரை வெறும் சாம்பல் கோடாகிவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவன் கட்சிப் பையன்களோடு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் கட்சிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்க்கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுகிறாயே என்று ஒருவரும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.