ஆக்சிலேட்டர் தரையத் தொட்ட நாளு

ஷைனியப் பத்தி சொல்லணும்னா மொதல்ல அவ காலப் பத்திதான் சொல்லணும். மூஞ்சியப் பத்தி அப்பால பாத்துக்கலாம், அது நல்லாத்தான் கீது.

எண்ணூர் ஹார்பர்ல கப்பலுக்கு காரு ஏத்துற யார்டு ஒண்ணு கீது. புதுக் காருங்க சீட்டு மேல பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காம வரிசையா வந்து நிக்கும். கப்பல் வந்துச்சுன்னா பின்னாடி பெரிய கதவு தொறக்கும். டிரைவருங்க ஒவ்வொரு காரா உள்ள ஓட்டிகினு போயி நிறுத்திட்டு, வேன்ல திரும்பி வந்து அடுத்தத எடுக்கணும். ராயபுரத்து ஷைனி அதுல டிரைவர். திருவொத்தியூர் அன்புக்கரசி, அதான் நானு, கப்பல் உள்ள நிக்கிற சிக்னல்காரி. உள்ள இருக்குற சத்தத்துல வாயத் தொறந்து பிரயோசனம் இல்ல. வா, மெதுவா, நில்லு, அல்லாமே கையாலதான். காருக்கும் காருக்கும் நடுவுல மடக்குன கை ஒண்ணு போற எடம் ஒண்டிதான் வுடணும். எட்டு வருசமா என் கைய பாத்துதான் அவ காலு அசையுது. இன்னிக்கி வரிக்கும் ஒரு காருல ஒரு கீறல் இல்ல, வடிவுடையம்மா சத்தியமா.

ஆனா யார்டுல ஒரு சட்டம் கீது. ஸ்பீடு முள்ளு இருபதத் தாண்டக்கூடாது. எத்தினி பெரிய காரா இருந்தாலும், எந்த நாட்டுக்குப் போறதா இருந்தாலும், மாட்டு வண்டி மாதிரிதான் போவணும். வெளிய வந்தா மட்டும் இன்னா? எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி சந்துல பூந்து வூட்டுக்குப் போறதுக்குள்ள பொழுது போயிடும். அவ வூட்டுக்காரர் பிராங்கிளின் கப்பல்ல போறவரு, வருசத்துல பாதி நாளு தண்ணி மேல. வூட்டுல ஒரு பழைய ஜென் காரு நிக்குது. அத மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் எடுப்பா, அவ்ளோதான்.

எங்க மேஸ்திரி ஜெயவேல்னு ஒரு ஆளு. நாக்குல சனி. ஒரு நாளு டீ குடிக்கிற எடத்துல அல்லாரும் இருக்க சொல்ல சொன்னான், "ஷைனி, நீ டிரைவர் இல்லம்மா. பீரோ நவுத்துறாங்க பாரு, அந்த மாதிரி காரு நவுத்துற." அத்தினி பேரும் சிரிச்சானுங்க. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாடா, பேமானி"ன்னு கேட்டுட்டு டீ கிளாஸ டம்முனு வச்சேன். அவன் எந்திரிச்சுப் போயிட்டான். ஆனா ஷைனி மூஞ்சி செத்துப் போச்சு.

திரும்பி வர்ற வேன்ல எங்கிட்ட சொன்னா, "அவன் சொன்னது மெய்தானடி அன்பு. ஆயிரக்கணக்குல காரு ஓட்டிகீறேன். ஒரு தபா கூட ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சதில்ல. எனக்கு நெசமாலும் ஓட்டத் தெரியுமா, இல்ல சொம்மா நவுத்தத்தான் தெரியுமா? எனக்கே தெரியல." கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. எனக்கும்தான்.

அதுக்கு அப்பாலதான் அவ போன்ல அந்த விசயத்தப் பாத்தா. இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் ஓட்டுற டிராக்குல ஒரு ஞாயித்துக்கிழம, யாரு வேணா சொந்த வண்டியக் கொண்டாந்து ஓட்டலாமாம். போட்டி இல்ல, கப்பு இல்ல. எதுர்ல லாரி வராது, மாடு வராது, மிதிக்கிறவன் மிதிக்கலாம். காலைலேர்ந்து மூணு தபா வுடுவாங்களாம். பேரு குடுத்துட்டுத்தான் எங்கிட்டயே சொன்னா, கள்ளி. எங்க ஜகா வாங்கிடுவாளோன்னு நானே யார்டு பூரா சொல்லி வச்சேன். ஜெயவேல் கேட்டுட்டு, "அங்கயும் போயி நவுத்திட்டு வரப்போறா"ன்னான். இனிமே அவ போயே ஆவணும்.

ஜென்ன பழைய வண்ணாரப்பேட்ட அமீர் பாய் ஷெட்டுக்கு கொண்டு போனோம். பாய் கீழ மேல பாத்துட்டு, "வேகமா போறது ஒரு மேட்டர் இல்லம்மா, நிக்கணும்"னாரு. இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் ரெண்டும் மாத்துனாரு. பிரேக்குக்கு புதுக் கட்ட போட்டாரு. பேட்டரி ஆடாம கம்பி போட்டு இறுக்குனாரு. முன்னாடி டயரு ரெண்டும் மொட்டையா இருந்துச்சு, அத கடாசிட்டு புச்சு போட்டோம்.

அப்பால உள்ள கழண்டு ஓடுற பொருளு ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு சட்டமாம். வளைவுல பறந்து வந்து மண்டைல அடிக்குமாம். பின் சீட்டத் தூக்குனோம் பாரு, ஐயோ! எந்தக் காலத்துலயோ காசிமேட்டுலேர்ந்து வாங்கியாந்த கருவாட்டுப் பையி ஒண்ணு உள்ள சொருவிகினு கெடந்துச்சு. "இதாடி உன் வண்டி சென்ட்டு?"ன்னு கேட்டேன். "கலீஜா பேசாதடி"ன்னு மூக்கப் புடிச்சிகினே சிரிச்சா. கடைசியா டேஷ்போர்டுல ஒட்டி வச்ச வேளாங்கண்ணி மாதா. அத எடுக்கக்கூடாதுன்னு அவ நைனா யேசுதாஸ் மாமா ஒரே சண்ட. கடைசில, "அப்டின்னா நானும் வரேன், மாதாவ என் மடியில வச்சிகினு குந்திக்கிறேன்"னாரு.

யேசு மாமா ஹார்பர்ல கப்பல இழுக்குற டக்கு போட்டுல, இன்ஜின் ரூமுல வேல பாத்து ரிடையர் ஆனவரு. பொண்ணுன்னா உயிரு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான? அந்த ஜென் இன்னமும் ஓடுதுன்னா அவராலதான். எங்க பக்கம் உப்புக் காத்து இரும்ப அப்பளமாட்டம் நொறுக்கிடும். அதனால மழைக்கு முன்னாடி, பழைய கருப்பு ஆயில பிரஷ்ல தொட்டு வண்டி அடிவயித்துல பூசி வுடுறது எங்க ஆளுங்க வழக்கம். மாமா அத வருசம் தவறாம செய்வாரு.

ஞாயித்துக்கிழம டிராக்குக்குப் போவணும்னு ஷைனி சனிக்கிழம சாயங்காலப் பூசைக்கே போயிட்டு வந்துட்டா. காலைல கெளம்புனோம். நானு சுடிதார் மேல யார்டு ஆரஞ்சு சட்டையோடயே போனேன், அதான் எனக்கு கெத்து. மாமா திருநாளுக்குப் போடுற வெள்ளச் சட்ட. அங்க போயி பாத்தா அல்லாமே பெரிய காரு, தரையோட தரையா, ஒவ்வொண்ணும் புலியாட்டம் உறுமிகினு கீது. நடுவுல எங்க ஜென்னு. நாலு பேரு பாத்து சிரிச்சாங்கோ. சிரிச்சிக்கட்டும்.

செக்கிங் பண்றவரு வந்தாரு. ஹெல்மெட், பிரேக்கு, பெல்ட்டு அல்லாம் ஓகே. அப்பால குனிஞ்சு டார்ச் அடிச்சாரு. "என்னம்மா இது, ஆயில் ஒழுகுது. இந்த வண்டிய உள்ள விட முடியாது. ஒரு சொட்டு டிராக்ல விழுந்தா பின்னாடி வர்ற வண்டி வழுக்கி செவுத்துல போயி அடிக்கும்."

வெண்ண தெரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்ச கதையாப் போச்சு. ஷைனி தரைல குந்தி, ஒரு சொட்ட வெரல்ல தொட்டுப் பாத்தா. கருப்பு. அமீர் பாய் ஊத்துனது தேன் கலரு. அவ மெதுவா திரும்பி அவ நைனாவப் பாத்தா.

"கண்ணு, நேத்து நீ பூசைக்குப் போயிருந்த சொல்ல ஒரு கோட்டு அடிச்சேன்"னாரு மாமா. "நாலு பேரு பாக்குற எடமாச்சே, அடில துரு தெரியக் கூடாதுன்னு ரவ தாராளமா..."

"யோவ் மாமா, இன்னாய்யா பண்ணி வச்சிகீற!"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்துல இருந்தவன் டீய கொட்டிகினான். "மெனக்கெட்டு ஒரு மாசம் வேல பாத்து வச்சா, பெத்த அப்பனே வந்து கவுக்குறியே! உன்ன யாரு பூசச் சொன்னது?" மாமா மாதாவ நெஞ்சோட கட்டிகினு நின்னாரு, ஒதடு துடிக்குது. ஷைனி அந்தக் கருப்பு வெரல தரைல தேச்சிகினே குந்திகினு இருந்தா. அத பாத்து எனக்கு இன்னும் பேஜாரா போச்சு.

செக்கிங்காரரு நல்ல மனுசன். "சுத்தமா தொடச்சிட்டு இன்ஜின ஓட வெச்சுக் காட்டுங்க. ஒரு சொட்டு விழலன்னா விடறேன்"னாரு. அவ்ளோதான், மாமா மாதாவ என் கைல குடுத்துட்டு வண்டிக்கு அடில பூந்துட்டாரு, அந்த வெள்ளச் சட்டையோட. நானு கேண்டீன்ல போயி பழைய பேப்பரும் சோப்புத் தூளும் வாங்கியாந்தேன். துணி பத்தல. என் துப்பட்டாவ உருவிக் குடுத்தேன். ஒரு சேப்புக் காருக்காரரு, பாத்து சிரிச்சாரே அவருதான், ஒரு ஸ்ப்ரே டப்பாவக் கொண்டாந்து, "அக்கா, இது பிரேக் கழுவுறது, எண்ணெய உடனே எடுத்துடும்"னு குடுத்தாரு. அவர மனசுல திட்டுனத அல்லாம் வாபஸ் வாங்கிகினேன். நாங்க தொடச்சு முடிக்கிறதுக்குள்ள மொதல் தபா போயே போச்சு. மாமா வெளிய வந்தாரு, கரிச் சட்டியாட்டம். இன்ஜின போட்டு வுட்டோம். கீழ பேப்பர விரிச்சோம். பேப்பரு வெள்ளையாவே இருந்துச்சு.

ரெண்டாவது தபா ஷைனி உள்ள போனா. நானும் மாமாவும் நேர் ரோட்டு ஓரத்துல கம்பி வேலிகிட்ட நின்னோம். வந்தா பாரு, எனக்கு அழுவாச்சியே வந்துடுச்சு. அதே யார்டு ஓட்டம்! ஓரமா, அழகா, கோடு போட்ட மாதிரி, மெ...து...வா. சேப்புக் காரு அவள தாண்டிப் போச்சு. மறுபடியும் தாண்டிப் போச்சு. நானு தொண்ட கிழிய கத்துறேன், "போடி! மிதிடி! இன்னாடி புடிச்சிகினு கீற!" ஒவ்வொரு சுத்துலயும் என்ன ஒரு பார்வ பாக்குறா, இன்னும் கொறைக்கிறா. எனக்கு ஒரு மண்ணும் புரியல.

அவ திரும்பி வந்து நிறுத்துனா, எறங்கல. ஸ்டியரிங் மேல தலைய வச்சிகினா. "ஜெயவேல் சொன்னது கரீட்டுதான்"னா. நானு என்னான்னு கேக்குறதுக்கு வாயத் தொறந்தேன். மாமா என் தோளத் தட்டுனாரு.

"அன்பு, நீ வாய்ல இன்னா சொன்ன?"

"போடின்னேன்."

"கைல இன்னா சொன்ன?"

அவரு செஞ்சு காட்டுனாரு. உள்ளங்கைய கீழ பாத்து வச்சிகினு, தட்டித் தட்டி. மெதுவா, மெதுவா. கப்பல்ல தெனம் நான் காட்டுறது. வாய் ஒண்ணு கத்த, எங்கையி பயத்துல பழக்கத்துக்கு அதுபாட்டுக்கு மெதுவான்னு சொல்லிகினு இருந்துகீது. அந்த ஹெல்மெட்டுக்குள்ள, அந்த இன்ஜின் சத்தத்துல, என் கத்தல் அவளுக்கு எங்க கேக்கும்? ஆரஞ்சு சட்டையும் கையும்தான் தெரியும். கை சொன்னத காலு கேட்டுது.

எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. அந்த மனுசன அத்தினி பேரு முன்னாடி அந்தக் கத்து கத்துனேனே! அவரு சிரிச்சாரு, பல்லு மட்டும் வெள்ளையா. ஷைனி தலையத் தூக்கி எங்க ரெண்டு பேரையும் பாத்தா. "அடிப்பாவி"ன்னா, வயித்தப் புடிச்சிகினு சிரிச்சா. "நீ மெதுவான்னு சொல்லச் சொல்ல, நாந்தான் எதோ தப்பா ஓட்டுறேன்னு நெனச்சேன்டி!"

"இனிமே ஒழுங்கா காட்டுறேன், போ"ன்னேன்.

ஆனா எப்டிக் காட்டுறது? வேகமா போன்னு எங்க வேலைல ஒரு சிக்னலே கெடையாது. மூணாவது தபா, கடைசி தபா. அவ வளைவத் தாண்டி நேர் ரோட்டுக்கு வர்றா, அதே மெதுவா. நானு மாமாகிட்ட மாதாவக் குடுத்துட்டு, வேலி பக்கத்துல கெடந்த டயரு அடுக்கு மேல ஏறுனேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, இருக்குற பலமெல்லாம் சேத்து முன்னாடி வீசுனேன். வலைய கடல்ல வீசுவாங்க பாரு, அப்டி. போ. போ. போ.

அவ பாத்தா.

மொதல்ல சத்தம்தான் மாறுச்சு. அந்தக் கெழட்டு ஜென்னுக்குள்ள அப்டி ஒரு கொரலு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வீல்ல்ல்னு கெளம்பி எங்களத் தாண்டிப் போச்சு பாரு, எம்முடி பறந்துச்சு. "மிதிச்சிட்டா!"ன்னு மாமா கத்துனாரு. "முழுசா மிதிச்சிட்டா என் பொண்ணு!" வளைவு வந்துச்சு, பிரேக்கு போட்டா, வண்டி கோட்டுல ஒட்டிகினு திரும்புச்சு, மறுபடியும் மிதிச்சா. அடுத்த சுத்து அதவிட வேகம். அதுக்கு அடுத்தது அதவிட. நானு டயரு மேல நின்னுகினு வீசுறேன், தோளு கழண்டு வுழற மாதிரி வலிக்குது, நிறுத்தல. பெரிய வண்டிக்காரங்க ரெண்டு மூணு பேரு வேலிகிட்ட வந்து நின்னு, "ஜென்! ஜென்!"னு கத்த ஆரம்பிச்சிட்டாங்கோ.

கடைசி சுத்துல அந்த சேப்புக் காரு அவளுக்கு முன்னாடி போவுது. நேர் ரோட்டுல அவரு கைய வெளிய நீட்டி ஓரம் குடுத்தாரு. பாவம் பாத்து குடுத்தாருன்னு நெனைக்காத. வளைவுல அவ ஒட்டிகினு வந்த வரத்துக்கு, குடுக்காம முடியல. ஷைனி பூந்து போனா. ஆமாம்பா, எங்க கருவாட்டு வண்டி அந்தக் காரத் தாண்டிப் போச்சு! நானு டயரு மேலேர்ந்து வுழுந்தேன். முட்டி பேந்துச்சு. எந்திரிச்சு ஆடுனேன்.

அவ வந்து வண்டிய நிறுத்துனா. கதவத் தொறந்து எறங்குனா. ஹெல்மெட்ட கழட்டுனா. தல முழுக்க வேர்வ, மூஞ்சி செவசெவன்னு கீது. மாமா ஓடிப் போயி கட்டிப் புடிக்கப் போனாரு, அப்பால தன் சட்ட அழுக்கப் பாத்துட்டு நின்னுட்டாரு. அவளே இழுத்துக் கட்டிகினா. கெழவன் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. வந்தவன் போனவன் அல்லார்கிட்டயும், "என் பொண்ணு சார், என் பொண்ணு"ன்னு சொல்லிகினே அழுதாரு.

அப்பால அவ எங்கிட்ட வந்தா. என் ரெண்டு கையையும் புடிச்சா.

"அன்பு, எனக்கு ஓட்டத் தெரியும்டி."

"எனக்கு அது எட்டு வருசமா தெரியும்டி, லூசு"ன்னு திட்டுனேன். திட்டிகினே அவ தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதேன், அத்தினி பேரும் பாக்க. எனக்கு ரவ கூட வெக்கமா இல்ல.