பதினெட்டு டிகிரிக்கு ஒரு பட்ஜெட்

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், போத்வெல் ஊரில், மெர்ல் ஃபசாக்கர்லியைக் கணக்கில் ஏமாற்றியவர் எவரும் இல்லை. பத்தொன்பது வருஷம் புல்தரையில் பந்து உருட்டும் ஊர் பௌல்ஸ் கிளப்பின் பொருளாளர். கிளப்பில் தேநீர்ப் பையையும் எண்ணித்தான் எடுத்துக் கொடுப்பாள்.

அந்த ஏப்ரலில் பெட்ரோல் ஏறியது, மின்சாரம் ஏறியது, இரண்டையும் பார்த்து விறகும் ஏறியது. மெர்ல் போன வருஷத்துக் காலண்டரைத் திருப்பிப் போட்டு, ஜூனில் தொடங்கும் குளிர்காலத்துக்குப் பட்ஜெட் எழுதினாள். கார் வாரத்துக்கு ஒரு நாள்தான். மின்கணப்பு அலமாரிக்குள் போனது. அந்தக் கல் வீட்டை அது ஒரு நாளும் பதினைந்து டிகிரி தாண்ட விட்டதில்லை, பில்லை மட்டும் ஏற்றும். மிச்சமெல்லாம் விறகு. ஆறு டன். செப்டம்பர் முடிய நாளுக்குப் பதிமூன்று கட்டை.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. கணவன் கிளைவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை, ஹோபார்ட்டில் இருக்கும் மகள் லொரெல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூன் மாச மூணு நாள் லீவுக்கு வருவேன்மா," என்றாள் போனில். "வந்ததும் தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பேன். பதினெட்டு இல்லேன்னா அப்பாவை என் ஃபிளாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். நாற்காலியோட."

"இருக்கும்," என்றாள் மெர்ல்.

"நாலாவது மாடியில என்னை வச்சு என்ன பண்ணுவா?" என்றான் கிளைவ். "ஜன்னலோரம் வச்சுத் தண்ணி ஊத்துவாளா?" சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மெர்ல் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வழக்கமாக விறகு போடும் நெவில் டன்னுக்கு இருநூற்றுப் பத்து டாலர் கேட்டான். ஹாமில்டன் பக்கம் புதிதாக முளைத்தவன் நூற்று எழுபது.

"மெர்ல், அவன் மரத்துல போன மாசம் வரைக்கும் கிளி உக்காந்திருந்தது," என்று எச்சரித்தான் நெவில்.

போட்டிக்காரனின் வயிற்றெரிச்சல் என்று அவள் முடிவு கட்டினாள். ஆனாலும் அவள் மெர்ல் அல்லவா? புதியவனை எடை மேடைக்கு அனுப்பி, சீட்டு வாங்கி வரச்சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிப் பார்த்த பிறகே காசை எடுத்தாள். ஒரு கிலோ குறையவில்லை.

புதியவன் எடையில் மோசம் செய்யவில்லைதான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அவ்வளவே. விறகை எடைபோட்டு விற்கும் ஊரில் பச்சை விறகுதான் கனம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மெர்லுக்கும் தெரியும். ஆனால் சீட்டைக் கையில் வாங்கியவள் ஒரு கட்டையையாவது கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜூனில் கட்டைகள் அடுப்புக்குள் பூனைபோலச் சீறின. நுனியில் நுரை தள்ளியது. பதிமூன்று கட்டை இருபதாயிற்று, இருபத்தைந்தாயிற்று. லொரெல் வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், தெர்மாமீட்டர் பதினான்கில் நின்றது. கிளைவின் உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. விறகுக்கென்று ஒதுக்கிய பணமோ மொத்தமும் தண்ணீருக்குப் போயிருந்தது.

"அதை இங்க குடு கிழவி, கக்கத்துல வச்சுக்கறேன்," என்றான் கிளைவ். "அவ வர்ற நேரத்துக்கு முப்பத்தாறு காட்டும்."

"பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா?"

"சரி. அப்போ ஷெட்டுல இருக்கறதைக் கொண்டா."

மெர்ல் திரும்பிப் பார்த்தாள். ஷெட்டில் ஒன்பது ஹூவான் பைன் பலகைகள் இருந்தன; அந்தத் தீவில் மட்டுமே வளரும், கிடைப்பதற்கு அரிய வாசனை மரம். கிளைவின் அப்பா படகு கட்ட வாங்கி மிச்சம் வைத்தவை. அதில் சாப்பாட்டு மேஜை செய்யப்போவதாகக் கிளைவ் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விலை கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான். டாஸ்மேனியாக்காரன் மனைவியின் மோதிரத்தை அடகு வைத்தாலும் வைப்பான், ஹூவான் பைனை விற்க மாட்டான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"விக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? எரிக்க மாட்டேன்னு யார்கிட்ட சொன்னேன்?"

அவள் தானே ரம்பத்தை எடுத்தாள். முதல் பலகையை அறுத்தாள். மஞ்சள் தூள் ஷெட்டெங்கும் பறந்தது. கட்டை அடுப்புக்குள் போனதும் எண்ணெய் வடிந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. சாயங்காலம் பதினேழு. சனிக்கிழமை காலை, ஐந்தாவது பலகையில், இருபது.

பதினொரு மணிக்கு லொரெலின் கார் வந்தது. கூரைமேல் கம்பிச் சட்டம் பூட்டி, கயிறும் கம்பளமும் தயாராக வைத்திருந்தாள். நாற்காலிக்கு.

கதவைத் திறந்தவள் தெர்மாமீட்டர் பக்கம் போகவே இல்லை. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனை இது?"

மெர்ல் அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, எதை எரிக்கிறே?"

"இருபது டிகிரி," என்றாள் மெர்ல். "வேணும்னா பாத்துக்கோ."

"தாத்தாவோட பலகையா? அடிப் பாவி! அதுல ஒரே ஒரு பலகையோட விலைக்கு நெவில்கிட்ட ஒரு டன் காஞ்ச விறகு வாங்கலாம், தெரியுமா உனக்கு?"

மெர்லுக்குத் தெரியாது. விற்பனைக்கு இல்லாத சாமானுக்கு அவள் விலை விசாரித்ததில்லை. மனதுக்குள் பெருக்கினாள். டன்னுக்கு நாற்பது டாலர் மிச்சம் பிடித்தவள், ஒரே நாளில் ஐந்து டன் எரித்திருக்கிறாள். அவள் போட்ட கணக்கிலேயே சுத்தமான கணக்கு அதுதான்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றாள் லொரெல்.

"நாலு. திங்கட்கிழமை வரைக்கும் வரும்." மெர்ல் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். செப்டம்பர் முடியப் பதினாறு வாரம். சொன்னாள்: "அதுக்கப்புறம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். நீ அவனைக் கூட்டிட்டுப் போ."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலாமே," என்றான் கிளைவ். இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு பலகையில மேஜை வராது. ஸ்டூல்தான் வரும். ஸ்டூலுக்காக நான் மாடி ஏற மாட்டேன். வித்துடு, லொரெல்."

அன்றைக்கே நெவிலிடம் கடனுக்கு நான்கு நாள் விறகு வந்தது. திங்கட்கிழமை மதியம் நாற்காலிக்கென்று வந்த கயிறு நான்கு பலகைகளைக் கட்டியது. லொரெல் கம்பளத்தைப் போர்த்தி, அப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கிளைவ் ஜன்னல் வழியே பார்க்கவில்லை.

புதன்கிழமை நெவில் நான்கு டன் இறக்கினான்.

"எடைச் சீட்டு வேணுமா, மெர்ல்?"

மெர்ல் குனிந்து ஒரு கட்டையை எடுத்தாள். இன்னொன்றோடு தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"வேண்டாம். ஆனா அந்தக் கிளி விஷயத்தை நீ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றாள், மிகுந்த மனக்குறையோடு.