துப்பாக்கியைத் தாண்டியவள்

முகம்பெத்தின் துப்பாக்கி நாரின் என்ற மலைநாடு முழுக்கப் பேர்போனது. ஒரு தடவை சுட்டால் போதும், வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைத் தானே உள்ளே வாங்கிக்கொள்ளும். அதைக் கண்டால் ஓநாய்க்குக் குலைநடுங்கும் என்று ஊர் சொல்லும். அதைத் துடைத்து வைப்பது அவன் மனைவி புருல்சா என்பதை மட்டும் ஊர் சொல்லாது.

வாழ்க்கைப்பட்டு வந்த முதல் குளிர்காலத்தில், அவன் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தபோது அவள் கையில் எடுத்த வேலை அது. தோட்டாக்களை இறக்கி, மேல்மூடியைக் கழற்றி, சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் பூட்டை உருவி, குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டுக் கரியெடுப்பாள். கோடையில் மெல்லிய எண்ணெய் கொஞ்சம். பனி இறங்கினால் அதையும் துடைத்துவிடுவாள். அடுப்புச் சூட்டில் இரும்பு வேர்க்கும் என்று கொட்டகையிலேயே மாட்டி வைப்பாள். பெண் தாண்டிய துப்பாக்கி குறி தப்பும் என்பார்கள். அவளும் நம்பினாள். பிரித்துப் போட்ட நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

இந்தக் குளிரில் முகம்பெத்தின் அண்ணன் ஷார்ஷென் வந்தார். துப்பாக்கியைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதென்னடா இப்படி வறண்டு கெடக்கு? சேணத்துக்குத் தடவுறோம், பூட்ஸுக்குத் தடவுறோம், புள்ள கன்னத்துக்கே ஆட்டு வால்கொழுப்பு தடவுறோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கொழுப்பு உள்ள உறைஞ்சிடும், பெரியவரே," என்றாள் புருல்சா.

"உன் வீட்ல வேட்டைக்குப் போறது யாருடா தம்பி, நீயா இவளா?"

முகம்பெத் சிரித்துக்கொண்டே ஒரு கை கொழுப்பை அள்ளிப் பூட்டெல்லாம் தன் கையாலேயே தேய்த்தான். பளபளவென்றுதான் இருந்தது.

மறுநாள் விடியலில் ஓநாய்கள் பட்டிக்கு வந்தன. முதல் குண்டு பனியில் போய்ப் புதைந்தது. பூட்டு பாதி தூரம் பின்னால் வந்து அப்படியே நின்றுவிட்டது. அவன் அதை அடித்தான், இழுத்தான், திட்டினான். இருந்த இரண்டு பெட்டைக் குதிரைகளில் ஒன்று, சினைக் குதிரை, கண்ணெதிரே கிழிபட்டுச் செத்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் துப்பாக்கிக்கு என்ன ஆயிற்று என்றார்கள். முகம்பெத் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி, "இவ தாண்டியிருக்கா," என்றான்.

அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்றிக்கொடுத்தவள் புருல்சாதான். ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. ஷார்ஷென் தீட்டுக் கழியச் சூரைச்செடியைக் கொளுத்தித் துப்பாக்கிக்குப் புகை காட்டினார். அவள் இனி அதைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். புகை பட்டு அந்தக் கொழுப்பு உருகவா போகிறது?

சாயங்காலம் மலைச்சரிவில் ஊளை கேட்டது. மிச்சமிருந்த குதிரை கட்டுத்தறியை இழுத்தது. முகம்பெத் கதவைச் சாத்திவிட்டு, துப்பாக்கியை அவள் முன்னால் வைத்தான்.

"பாத்துக் குடு. யாருக்கும் தெரிய வேணாம்."

"நான்தான் தாண்டினவளாச்சே. வந்தவங்க முன்னாடி உண்மையச் சொல்லுங்க, தொடறேன்."

"ஊரு முன்னாடி என் மானத்த வாங்கப் பாக்குறியா?"

வெளியே குதிரை கனைத்தது. அது போனால் வரும் கோடையில் பிள்ளைகளுக்குக் குதிரைப்பால் இல்லை. புருல்சா எழுந்தாள். துப்பாக்கியைத் தரையில் நீளவாக்கில் கிடத்தினாள். பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் அதைத் தாண்டிப் போனாள். திரும்பித் தாண்டி வந்தாள். முகம்பெத்துக்கு முகம் வெளுத்தது.

"இப்போ நீங்க சொன்னது பொய்யில்ல," என்றாள். "கொழுப்பக் கரைக்க மண்ணெண்ணெய எடுத்துட்டு வாங்க."

பிறகு உட்கார்ந்து பூட்டைக் கழற்றினாள்.