மாதாவுக்காகப் போட்ட பெரிய டயர்

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருநாளில், மாதா சொரூபம் பின்பக்கம் திறந்த என் கெப் வண்டியில்தான் பவனி போகும். வருஷம் முழுக்க கண்டிச் சந்தைக்கு லீக்ஸ், கோவா என்று மரக்கறி மூட்டை சுமக்கிற வண்டிக்கு அந்த ஒரு நாள்தான் ராஜமரியாதை. அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வராது. தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒருவர் புதிதாகக் கெப் வாங்கியதிலிருந்து, மாதா அந்த வண்டிக்குப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அந்தப் பயத்துக்கு ஏற்றாற்போல, ஒரு திருநாளில் கோயில் ஏற்றத்துக் கல்லில் வண்டியின் அடிப்பக்கம் இடித்து, மாதா ஓர் ஆட்டம் ஆடிவிட்டார். கூட்டம் மொத்தமும் "ஐயோ மாதாவே!" என்று அலறியது. மேல் டிவிசன்காரர் மட்டும், "வண்டி பாவம், களைச்சுப்போச்சு போல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த திருநாளுக்குள் பெரிய டயர் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

கெலிஓயா டயர் கடைக்கு மனைவியும் கூடவே வந்தாள். அங்கே பளபளவென்று பெரிய ரிம், அதைச் சுற்றி மெல்லிய டயர். பார்த்ததும் மயங்கிவிட்டேன். கடைக்கார நானா சிரித்தார்.

"இது டவுனுக்குள்ள ஷோ காட்டத்தான் சரி. ஒங்கட ரோட்டுல ரெண்டு குழி விழுந்தா ரிம் வளஞ்சிரும். ஒங்களுக்கு ரப்பர்தான் ஒசரமா ஈக்கணும்."

"அப்ப இருக்கிறதுலயே பெரிசா போடுங்க நானா."

"போடலாம். வளைவுல ஸ்டீரிங்க முழுசா திருப்பினா மட்கார்ட்ல ஒரசும். பொறகு வந்து எனக்கு ஏசப்படாது."

என் மனைவி வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னாங்க, நான் ஏறுறதுக்கு ஏணியும் இவங்களே தருவாங்களா?"

"நீ ஏறாட்டி என்னா? மாதா ஏறுவாங்க."

"ஆமா, ஏறுவாங்க. கூட ஏறி நிக்கிறதும் ஆம்பளைங்கதான். கொழுந்து பறிச்ச காலோட பின்னால நடக்கிறது மட்டும் நாங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

கடைசியில் ரிம் ஓர் அளவு பெரிதாகவும், டயர் பழையதைவிடக் கொஞ்சம் உயரமாகவும் போட்டோம். நானா ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். கீழே குனிந்து, "இப்ப இதுக்குள்ள பூனை படுத்துத் தூங்கலாம்" என்றார். எல்லாரும் வண்டிக்குக் கீழேதான் பார்த்தோம். மேலே ஒருவரும் பார்க்கவில்லை.

கோயில் ஏற்றம் தொடங்குமுன், எங்கள் கோயிலின் கீழ் வாசலில் திருநாளன்று இரும்புக் குழாய்த் தோரணம் ஒன்று நிற்கும். அதில் தொங்கும் பூச்சரத்தை மாதாவின் மணிமுடி உரசிப் போகவேண்டும், பூ அவர் மேல் உதிரவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அதற்காகவே என் பழைய வண்டியின் உயரத்துக்கு அளந்து செய்த தோரணம் அது. அந்த வருஷத் திருநாளன்று தோரணத்தடியில் வண்டி போனதும், "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று ஒரே கூச்சல். இறங்கிப் பார்த்தால், முடி நேராகக் குழாயில் முட்டப்போகிறது.

பவனி தொடங்கினால் கோயில் சேரும்வரை மாதாவை அசைக்கக்கூடாது. டயர்க் காற்றை இறக்கினால் மேலே இருக்கிற கல் ஏற்றத்தில் மறுபடி இடிக்கும். மேல் டிவிசன்காரர் அதற்குள் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். "ஃபாதர், என் வண்டிக்கு மாத்திருவமா?"

அப்போதுதான் என் மனைவி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகினாள்.

"மாத்தவும் வேணாம், ஒண்ணும் வேணாம். கோவா மூட்டை ஏத்தினா இந்த வண்டி எப்புடி அமுங்கும்னு எனக்குத் தெரியாதா? ஏறுங்கடி எல்லாரும்!"

அக்காமார், மச்சான் பெஞ்சாதி, பாட்டுப் பாடுகிற பெண்கள் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறினார்கள். ஏற ஏற வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது. நான் ஃபாதரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கமுடியாமல் தலையாட்டினார். மெதுவாக நகர்த்தினேன். முடி பூச்சரத்தை உரசியது. மாதா மேலும் எங்கள் பெண்கள் மேலும் பூ கொட்டியது. கூட்டம் கைதட்டிய சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோரணம் தாண்டியதும், "போதும், எறங்குங்க, ஏத்தம் வருது" என்றேன். பின்னாலிருந்து என் மனைவி வண்டிக் கூரையில் ஓங்கித் தட்டினாள்.

"பெரிய டயர்தானே போட்டிருக்கீங்க? ஓட்டுங்க!"

ஓட்டினேன். அத்தனை பாரத்தோடும் அடிப்பக்கம் கல்லில் படவில்லை. அத்தனை கைகள் பிடித்திருந்ததால் மாதா ஆடவும் இல்லை.

இந்த வருஷம் வாலிபர்கள், தோரணத்தை உயர்த்திவிடலாமா என்று கேட்டு வந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"தொட்டுப் பாருங்க, தெரியும்!"