ஆடிக்குக் காத்திருந்த பாத்தி

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை, ரத்தினம்மா ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு விமானம் ஏறினார். மகள் சிவானிக்குப் பிரசவ நேரம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டுக் கிளமெண்டி வீட்டுக்குத் திரும்பிய கணவர் பரமசிவம், இரவு என்ன சாப்பிடுவது என்று அடுப்படியில் நின்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. ஆனால் காப்பிக்கடையில் முன்னால் நிற்பவர் கேட்டதையே தனக்கும் கேட்கிற ஆள். வீட்டில் சட்டை முதல் சாம்பார்வரை ரத்தினம்மா எடுக்கிற முடிவுதான்.

மார்ச்சில் பூங்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. காய்கறி போட ஒரு வாடகைப் பாத்தி வேண்டுமென்று ரத்தினம்மா ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெயர் கொடுத்து ஏமாந்திருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து அது விழுந்திருந்தது.

"விட்டுராதீங்க. போச்சுன்னா மறுபடி கெடைக்காது" என்றார் தொலைபேசியில்.

"சரி. என்ன போடட்டும்?"

"உங்களுக்குப் பிடிச்சதப் போடுங்க."

"நான் எல்லாந்தான் சாப்பிடறேனே."

"ஆமா. முப்பது வருஷமா எனக்கும் அதான் புரியல" என்றவர், பேரன் அழுகிறான் என்று வைத்துவிட்டார்.

தேக்கா சந்தையில் விதை விற்கும் ரியாஸ் பொட்டலங்களைப் பரப்பினான். "வெண்டைல குட்டையா, நெட்டையா? கத்தரில ஊதா, வெள்ளை, பச்சை வரி இருக்கு. பாவக்காய்ல நீளம், பொடிசு."

"எது நல்லா வரும்?"

"எல்லாம் வரும் லா அங்கிள். நீங்க எதச் சாப்பிடுவீங்க?"

இங்கேயும் அதே கேள்வி. பரமசிவம் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டு தப்பித்தார்.

வீட்டில் பொட்டலங்களைத் திருப்பியபோதுதான் நிம்மதி வந்தது. தமிழ்நாட்டில் அடைத்தவை, பின்பக்கம் 'ஆடிப் பட்டத்துக்கு ஏற்றது' என்றிருந்தது. கடைசியில் யாரோ ஒருவர் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லிவிட்டார். நாள்காட்டியில் ஆடி ஜூலை நடுவில் இருந்தது. மண்ணைக் கொத்திவிட்டுக் காத்திருந்தார்.

பக்கத்துப் பாத்தி நஃபீசாவுடையது. அங்கே பயத்தங்காய் பந்தலைத் தாண்டித் தொங்கியது.

"என்ன அண்ணே, மண்ணு விக்கிறீங்களா?"

"ஆடிக்குத்தான் விதைக்கணுமாம்."

நஃபீசா மண்வாரியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "இங்க என்னிக்கும் ஒரே வெயிலு, ஒரே மழை. ஆடிய எங்க போய்க் கண்டுபிடிப்பீங்க?"

சரிதான் போலிருந்தது. பொட்டலத்தில் அச்சடித்ததும் பொய்யாக இருக்காதே. குழம்பிக்கொண்டிருந்தபோதே பூங்காவிலிருந்து அடுத்த மின்னஞ்சல் வந்தது: ஜூன் முடிவதற்குள் பயிரிடாவிட்டால் பாத்தி அடுத்தவருக்கு.

சாப்பாட்டு மேசையில் பொட்டலங்களை வரிசையாக வைத்தார். வெள்ளைக் கத்தரியை எடுத்தார், வைத்தார். வெண்டையை எடுத்தார். ரத்தினம்மாவுக்கு எது பிடிக்கும் என்றாவது தெரிகிறதா என்று பார்த்தார். அதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை அத்தனையையும் பிரித்து, அந்தச் சின்னப் பாத்தியிலேயே தூவிவிட்டார்.

முளைத்ததில் எது எது என்று அவருக்கே விளங்கவில்லை. நெருக்கத்தில் வெண்டை வெளிறியது, கத்தரி குன்றியது. பாகல் மட்டும் எல்லாவற்றின்மேலும் ஏறிப் படர்ந்தது. பாத்தி பிழைத்தது. முதல் காயைப் பறித்து உப்புப் போட்டு வதக்கித் தின்றார். பிடிக்கவில்லை. காயா, கைப்பக்குவமா, அல்லது எப்போதுமே பிடித்ததில்லையா என்று தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

படர்ந்த பாகலைப் படமெடுத்து ரத்தினம்மாவுக்கு அனுப்பினார். கீழே, "உன் பாத்தி பத்திரமா இருக்கு. நீ எப்ப வர்ற?" என்று எழுதினார். அடுத்த மாதம் என்றார் ரத்தினம்மா. அதற்கடுத்த மாதமும் அப்படியே சொன்னார். பிறகு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் நின்றுபோனது.

டிசம்பரில், விடாத மழை நாளொன்றில், பெர்த்திலிருந்து செய்தி வந்தது.

"சிவானி வீட்டுக்குப் பின்னால எனக்குன்னு ஒரு பாத்தி வெட்டிக் குடுத்திருக்கா. என்ன போடறதுன்னு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க."